கேட்காமல் நிரப்பிய கட்டம்

தம்பி,

உன் தங்கை முதலில் கவனித்தது ஒரு சின்ன விஷயம்தான். பின்கோடு கட்டத்தில் ஆறாவது எண்ணை அடித்து முடித்ததும், மேலே ஏற்கெனவே தேர்ந்து வைத்திருந்த 'காரைக்கால்' மறைந்து, அந்த இடத்தில் 'நாகப்பட்டினம்' வந்து உட்கார்ந்தது. சத்தம் இல்லை. யாரும் எதையும் கேட்கவில்லை. போன வருடம் நடந்த அந்த ஒரு நொடியை அவள் பார்த்தாள், நான் பார்க்கவில்லை. பார்த்ததை அவள் சொல்லவும் இல்லை.

கையெழுத்து அவளுடையது என்று உனக்கே தெரிந்திருக்கும். எனக்கும் எழுத வரும், ஆனால் ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போய்விடும். நான் பேசப் பேச, பத்தாவதோடு நின்ற பதினேழு வயதுப் பெண் அதைப் புத்தகத் தமிழாக்கி எழுதிக்கொண்டிருக்கிறாள். நான் உன்னைத் திட்டுகிற இடத்திலெல்லாம் பேனா மெதுவாகப் போகிறது. காரத்தைக் குறைத்து எழுதுகிறாளோ என்று சந்தேகம் வந்து, இரண்டு வரிக்கு ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ "ம், ம், சொல்லும்மா" என்பாய், அப்புறம் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுவாய். காகிதத்தைப் பார்த்து ம் கொட்ட முடியாது. அடுத்த வாரம் பெங்களூருக்குப் போகிறாய். அரசாங்க விண்ணப்பப் பக்கங்கள் செய்கிற குழுவுக்கு இனி நீதான் தலைமை என்றாய். போவதற்கு முன்னால் இதைப் படி. உன் கீழே வேலை பார்க்கப் போகிறவர்களுக்கும் படித்துக் காட்டு. எனக்கு அதில் வெட்கம் இல்லை.

போன வருடம் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது, உன் தங்கை பள்ளிக்கூடத்தை விட்டாள். நான் நடவுக்கும் களைக்கும் போயாக வேண்டும், நீ சென்னையில் இருந்தாய், வேறு யார் இருக்கிறார்கள்? அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தது, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியது எல்லாம் அவள்தான். பார்க்க வந்த நர்சம்மா, "யாரு கட்டுனது இது? நான் கட்டுனா கூட இவ்வளவு நேரா நிக்காது" என்றார். அந்த அம்மாதான் செவிலியர் உதவியாளர் பயிற்சியைப் பற்றிச் சொன்னார். பத்தாவது தேறியிருந்தால் போதும், விடுதியில் தங்கிப் படிக்கலாம், காரைக்காலில் குடியிருப்பவர்களுக்குத் தனியாக இடம் உண்டு, விண்ணப்பிக்கும்போது பதினெட்டு வயது முடிந்திருக்கக் கூடாது. எந்தத் துறை நடத்துகிறது என்று இங்கே எழுத விடமாட்டேன். எழுதினால் கிடைக்கிற இடமும் போய்விடுமோ என்று எனக்குப் பயம். இந்த ஒரு வருடத்தில் நான் அப்படி ஆகிவிட்டேன்.

கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பாலு வைத்திருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். "நம்பர் சொல்லுங்கக்கா, ஓடிபி வரும்" என்றான் பாலு.

"என் புள்ள நம்பரப் போடு" என்றேன்.

"அவரு மெட்ராஸ்ல இருக்காரு, நீங்க இங்க குந்தியிருக்கீங்க. ஓடிபி அங்கல்ல போவும்?"

"போனா போவட்டும். அவன் படிச்சவன். அவன் நம்பரு இருந்தா ஒரு மரியாதை."

சிரிக்காதே. நம் தெருவில் யார் விண்ணப்பத்தை எடுத்தாலும் வீட்டில் படித்தவன் ஒருவனுடைய நம்பர்தான் இருக்கும். ரேஷன் அட்டையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டு வரைக்கும் உன் நம்பரைத்தான் நான் கொடுத்து வைத்திருக்கிறேன். உன் அப்பாவின் போன் வயல் சேற்றில் விழுந்து விழுந்து எழுத்தே தெரியாது. எனக்குப் போனை எடுத்துப் பேசத் தெரியும், வந்த செய்தியைத் திறக்கத் தெரியாது. ஆகையால் வீட்டுக்கு வருகிற அரசாங்கச் செய்தி எல்லாம் எத்தனையோ காதம் தள்ளி உன் சட்டைப் பையில் போய் விழுகிறது. இதை யோசித்து எந்தப் பக்கத்தையாவது செய்தீர்களா? விண்ணப்பிக்கிறவள் ஒருத்தி, நம்பர் இன்னொருவனுடையது என்று உங்களில் யாருக்காவது தோன்றியதா?

உனக்குப் போன் போட்டோம். "இரும்மா, லிஃப்ட்ல இருக்கேன்" என்றாய். மறுபடி போட்டபோது நம்பரைச் சொன்னாய். அதற்குள் 'நேரம் முடிந்தது' என்று வந்து, பாலு அரை மணி நேரம் அடித்தது மொத்தமும் காணாமல் போயிற்று. ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை. பின்னால் நின்ற பெரியவர், "ஒரு பொண்ணுக்காக ஊரையே எழுதி வாங்குறீங்களாம்மா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன் தங்கை தலை நிமிரவில்லை. பாலு இரண்டாம் தடவை வேகமாக அடித்தான். அந்த வேகத்தில்தான் பின்கோடு வந்தது, ஊர் மாறியது. அவள் விரல் என் முழங்கையைத் தொட்டது. "என்ன?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். பத்துப் பேர் சிரித்த பிறகு எந்தப் பெண் வாய் திறப்பாள்? பாலு சப்மிட்டை அழுத்தினான். பச்சையாக ஒரு டிக் வந்தது. "முடிஞ்சுதுக்கா. பச்சை டிக்கு வந்துட்டு, இனி கவலைய விடுங்க."

கவலையை விட்டேன். பட்டியல் வந்தபோது அவள் பெயர் இல்லை.

இனி நான் சொல்வதை அவள் எழுத மறுத்தாள். எழுதத்தான் வேண்டும் என்றேன். பட்டியல் வந்த அன்று நான் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். விண்ணப்பம் போடுவதற்கு முந்தைய வாரம், அப்பாவை விட்டுவிட்டு எப்படி விடுதியில் இருப்பேன் என்று ஒரு நாள் அழுதிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டேன். "போவ புடிக்காம நீயே எதையோ மாத்தி வுட்டுட்ட. அதான் இந்த முழி முழிக்கிற" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். கணினி தப்புச் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளை செய்யும் என்று உடனே தோன்றியது. பொங்கல் வரைக்கும், எட்டு மாதம், சோறு போடும்போதும் அந்தப் பார்வையோடுதான் போட்டிருக்கிறேன். வாய் திறக்காதவர்கள் மேல் பழி போடுவது மிகவும் சுலபம், தம்பி. உங்கள் பக்கங்களும் அதைத்தான் செய்கின்றன. எது தப்பானாலும் 'நீங்கள் தவறான தகவலை உள்ளிட்டுள்ளீர்கள்' என்றுதான் சிவப்பில் வருகிறது. 'நாங்கள்' என்று ஆரம்பிக்கிற ஒரு சிவப்பு வரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்பா எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அவள் பாலு கடைக்கு ஜெராக்ஸ் எடுக்கிற வேலைக்குப் போனாள். பார், பக்கத்திலேயே இருக்கத்தானே ஆசைப்பட்டாள் என்று அப்போதும் நினைத்தேன். அவள் அங்கே மூலையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்று பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். பாலு ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கேஸு போடப் போறியா?" என்று கேட்டானாம். அந்த நோட்டு இப்போது என் மடியில் இருக்கிறது. உதவித்தொகை கேட்டு வந்த ஒரு வயதான அம்மாவுக்குப் பிறந்த தேதி போட, திரையில் நாள்காட்டி ஒன்று விரிந்திருக்கிறது. இந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமாகப் பின்னால் போக வேண்டும். பாலு அம்பை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். "ஏம்ப்பா, நான் பொறந்த காலத்துக்கு நடந்தேவா போற?" என்று கேட்டாராம் அந்த அம்மா. இன்னொருவர் எல்லாம் நிரப்பிவிட்டு 'அழி' என்பதை அழுத்திவிட்டார். அதுவும் நீலம், பக்கத்தில் இருந்த சப்மிட்டும் நீலம், இரண்டும் ஒரே அளவு. இன்னொரு இடத்தில், தப்பு என்ன என்பது பக்கத்தின் உச்சியில் சிவப்பாக வந்திருக்கிறது. அழுத்துகிற பட்டனோ பக்கத்தின் அடியில். மேலே வந்த சிவப்பு தெரியாமல் ஒருவர் அழுத்தி அழுத்தி, "மெஷினு செத்துப் போச்சு" என்று எழுந்து போய்விட்டார். போட்டோ பெரிதாக இருக்கிறது என்பதை ஏற்றுவதற்கு முன்னால் சொல்வதில்லை, ஏற்றி முடித்துக் காத்திருந்த பிறகுதான் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே உன் தங்கை ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாள்: 'போய்விட்டார், திரும்பி வரவில்லை.' சில இடத்தில் 'வந்தார்.' வந்தார் குறைவாகத்தான் இருக்கிறது.

பொங்கலுக்கு நீ வந்தாய். தோளில் ஒரு புதுப் பை, அதில் உன் கம்பெனியின் படம், வட்டத்துக்குள் பறவை. அப்பாவிடம் உன் வேலையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். "ஜனங்களுக்கு டைப் பண்ணவே தெரியாதுப்பா. அதான் பின்கோடு போட்டா போதும், மாவட்டம் மாநிலம் எல்லாம் தானா வந்து வுழுந்துடும். நம்ம டீம் பண்ணதுதான். தப்பே வராது" என்றாய். கரும்புத் துண்டுகளைத் தட்டில் கொண்டுவந்த உன் தங்கை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை, கரும்பைப் பார்த்தாய்.

நீ பஸ் ஏறிப் போன பிறகு அவளைக் கேட்டேன். உள்ளே போய், போன வருடத்து விண்ணப்பத்தின் நகலைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். மாவட்டம் நாகப்பட்டினம். மாநிலம் தமிழ்நாடு. அதற்குக் கீழே பிணைத்திருந்த குடியிருப்புச் சான்றிதழில் காரைக்கால். "பின்கோடு அடிச்சதும் அதுவா மாறிச்சும்மா" என்றாள். எட்டு மாதம் கழித்து அவள் சொன்ன ஒரு வாக்கியம்.

நாம் புதுச்சேரி மாநிலத்துக்காரர்கள், ஆனால் நம் ஊரைச் சுற்றி மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நம் பின்கோட்டின் தலை மூன்று எண்ணும் அடுத்த ஊர்க்காரர்களுக்கும் ஒன்றுதான். கடிதம் கொண்டுவருகிறவர் அதில் குழம்புவதில்லை. எல்லை தாண்டிக் குடிக்க வருகிறவன் ராத்திரி இருட்டில்கூட எது எந்தப் பக்கம் என்று சரியாகத் தெரிந்து வருகிறான். உங்கள் கணினிக்குத் தெரியவில்லை. தெரியாததுகூடத் தப்பில்லை, தம்பி. தெரியாமல் எழுதிவிட்டு, எழுதினேன் என்று சொல்லாமல் இருந்ததுதான் தப்பு.

இந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நான் கொடுத்தது. உனக்குப் பத்து வயது இருக்கும்போது, எனக்கு ஒரு அட்டை எடுக்க காரைக்கால் டவுனுக்குக் கூட்டிப் போனேன். விண்ணப்பத்தை நீதான் நிரப்பினாய். பிறந்த தேதி என்ற இடம் வந்ததும், பக்கத்தில் நின்ற என்னைக் கேட்காமல், உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் போடுவது போல ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டாய். நான் ஐப்பசி அடைமழையில் பிறந்தவள். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது. உன்னைக் கண்டித்தேனா? தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன். "யாரையும் ஒரு வார்த்த கேக்காம மளமளன்னு எழுதிட்டான்" என்றேன். இன்று என் எல்லா அட்டையிலும் நான் ஜூனில் பிறந்தவள். என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பையன் வளர்ந்து, இப்போது ஊருக்கே கேட்காமல் நிரப்பிக் கொடுக்கிறான். அன்று உன் தலையில் ஒரு குட்டு வைத்திருந்தால், இன்று உன் தங்கை மாணவியாக இருந்திருப்பாளோ என்று தோன்றுகிறது.

இந்த வருடம் மறுபடி விண்ணப்பம் திறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி. அடுத்த மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. இது போனால் அடுத்தது இல்லை. போன வாரம் பாலு இணையத்தில் அவளுடைய பழைய விண்ணப்பக் கணக்கைத் திறந்தபோது, உள்ளே ஒரு மூலையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி கிடந்தது. அவன் படித்துச் சொன்னான்: மாவட்டம் சான்றிதழோடு பொருந்தவில்லை, ஏழு நாளுக்குள் திருத்தவும். போன வருடத்துச் செய்தி. பதிவு செய்த நம்பருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். உன் நம்பர். நீ அதைப் பார்த்தாயா? விளம்பரம் என்று தள்ளிவிட்டாயா? அல்லது அப்புறம் பார்க்கலாம் என்று வைத்து மறந்தாயா? நீ எந்தப் பதிலைச் சொன்னாலும் நான் முழுதாக நம்பப் போவதில்லை. நம்பாததற்கு மன்னித்துக்கொள். ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பு தொங்குகிற செய்தியும், ஒரு துணிக்கடைக்காரன் அனுப்புகிற தீபாவளித் தள்ளுபடிச் செய்தியும் ஒரே மாதிரி வந்தால், படித்தவனும் தள்ளிவிடத்தான் செய்வான். அதையும் குறித்துக்கொள்.

நேற்று நானும் அவளும் பாலுவும் மறுபடி உட்கார்ந்தோம். பெயரின் முதல் எழுத்தை அடித்ததுமே போன வருடத்து விவரம் எல்லாம் வரிசையாக வந்து நிரம்பியது. "பாத்தீங்களாக்கா, எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கு" என்று பாலு சந்தோஷப்பட்டான். நான் ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். உன் நம்பர் வந்தது. பின்கோடு வந்தது. நாகப்பட்டினம் வந்தது. பாலு மாற்றிப் பார்த்தான். மாவட்டக் கட்டம் சாம்பல் நிறமாகி அசையவில்லை. "பரவால்லக்கா, சர்டிபிகேட்டுல காரைக்கால்னுதான இருக்கு. ஆபீசரு பாத்துப்பாரு" என்று சப்மிட்டுக்குக் கையைக் கொண்டுபோனான்.

உன் தங்கை மேசையிலிருந்த மவுஸை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, வேணாம். இது நம்ம ஊரு இல்ல" என்றாள்.

கடையில் அன்றும் ஆட்கள் இருந்தார்கள். பாலு அவளையே பார்த்தான். "அடேங்கப்பா, ஒனக்குப் பேச வருமா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெண், "என் தம்பிக்கும் போன வருசம் இப்படித்தாங்க வந்துச்சு. நாங்க எங்க மேலதான் தப்புன்னு இருந்துட்டோம்" என்றாள். உதவி எண் என்று போட்டிருந்ததற்குப் போட்டோம். மணி அடித்து அடித்து நின்றது. கருத்துச் சொல்ல ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதி அனுப்பினால் 'நன்றி' என்றது, அவ்வளவுதான். பக்கத்தின் அடிவரைக்கும் போய்ப் பார்த்தாள். கடைசியில், எறும்பு அளவுக்கு ஒரு படம் இருந்தது. வட்டத்துக்குள் பறவை.

நான் உன்னிடம் கேட்பது சிபாரிசு இல்லை. உன் தங்கைக்கு மட்டும் உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிடாதே, அப்படி வருகிற இடம் அவளுக்கு வேண்டாம் என்று அவளே சொல்கிறாள். அந்தக் கட்டத்தைத் திற. தானாக நிரப்புவதாக இருந்தால் நிரப்பு, ஆனால் 'இதுதானே உங்கள் ஊர்?' என்று ஒரு வார்த்தை தமிழில் கேள். இல்லை என்றால் மாற்ற விடு. கடைசியில் அழுத்துவதற்கு முன்னால், எழுதியது முழுவதையும் ஒரு தடவை பெரிய எழுத்தில் காட்டு. பச்சை டிக் போட்டால் அது உண்மையாக இருக்கட்டும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. கேட்டுவிட்டு எழுதுவது, அவ்வளவுதான். வியாழக்கிழமைக்குள் உன்னால் முடியுமா முடியாதா என்று சொல். முடியாதென்றால் வேறு யாரைப் பிடிக்க வேண்டும் என்று அந்த ஆள் பெயரைச் சொல். 'பார்க்கிறேம்மா' என்று மட்டும் சொல்லாதே.

இனி எந்த விண்ணப்பத்திலும் உன் நம்பர் இருக்காது. நேற்று வரும் வழியில் என் பெயரில் அவளுக்கு ஒரு சிம் வாங்கினோம். கோபத்தில் செய்தது என்று நினைக்காதே. அவளுக்கு வருகிற செய்தி அவளுக்கு வரட்டும் என்றுதான்.

இது வரைக்கும்தான் அவள் எழுதினாள். இந்தக் கோணல் எழுத்து என்னுடையது. படித்துக் காட்டச் சொன்னேன். படித்தாள், ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. பக்கங்களைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பு என்றேன். அனுப்பினால் அண்ணன் எப்போது பார்க்கும் என்று கேட்டாள். நீ போன் செய்தால் இத்தனை வருடமாக அவள் எடுத்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் என் கையில்தான் கொடுப்பாள், உனக்கே தெரியும். இப்போது பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, தன் புது நம்பரிலிருந்து உன்னைக் கூப்பிட்டு, போனைத் தன் காதில் வைத்துக்கொண்டாள்.